ஆறு பாத்தி ராகி

வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது.

தெய்வாத்தாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். கவலை ஏற்றத்தில் ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் இடையே வாய்க்கால் சற்றுத் தளர்வது வழக்கம்தான். மாடுகள் வாரிச் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். கிணற்றிலிருந்து தோல்சால் மேலேறித் தொட்டியில் கொட்டும். தண்ணீர் குப்பென்று புறப்பட்டு வரும். அது பாத்திக்குள் இறங்குமுன் அடுத்தது வந்து முதுகில் இடிக்கும். விடிகாலை தொட்டு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது இடிக்கவில்லை. வந்த தண்ணீர் மெலிந்து கோடாகி, சேற்றில் மினுங்கிக் காணாமல் போயிற்று.

இன்னும் ஆறு பாத்தி பாய வேண்டும்.

அவள் மேற்கே பார்த்தாள். பொழுது பனைகளுக்கு மேல் இரண்டு முழம் நின்றது.

கிணறு நாலு பேர் பங்கு. அவள் புருஷன் மாரப்பனுக்கு நாலு நாளைக்கு ஒரு முறை. முறை மாடு பூட்டும்போது தொடங்கும், விளக்கு வைக்கும்போது முடியும். விளக்கு வைத்தபின் கிணற்றில் ஊறுவது அடுத்த பங்காளிக்கு. அதில் ஒரு செம்பு மொண்டாலும் திருட்டு. பாட்டன்மார் பேசிக்கொண்ட பேச்சு. எழுத்தில் எங்கும் இல்லை. அதனாலேயே யாரும் அதை மீறியதில்லை.

போன முறை இந்த ஆறு பாத்திக்கு வந்தபோது சால் தரை தட்டிவிட்டது. ஆக, எட்டு நாளாக இவற்றில் ஈரம் இல்லை. ராகி பால் பிடிக்கிற சமயம். இன்று விட்டால் இன்னும் நாலு நாள். நாலு நாளில் கதிர் பதராகிவிடும். ஆறு பாத்தி என்றால் அவர்கள் இருவருக்கும் இரண்டு பெண்களுக்கும் மூன்று மாதக் களி. சித்திரையில் தாது வருஷம் பிறந்திருந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தில் கற்றாழைக் கிழங்கைத் தோண்டித் தின்றவர்கள் சிலர் ஊரில் இன்னும் உயிரோடு இருந்தார்கள். பெயரைக் கேட்டதும் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

வடம் அறுந்ததோ, சால் கிழிந்ததோ என்று நினைத்துக்கொண்டு தெய்வாத்தாள் வரப்பில் ஏறி நடந்தாள்.

இரண்டும் இல்லை. மாடுகள் வாரியின் தலைமாட்டில் பூட்டியபடி நின்றன. மாரப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு மனிதரிடம் பேசிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கால்சராய், தூசி படிந்த பூட்ஸ். அவர் பக்கத்தில் மூன்று கால் நட்டு, அதன் மேல் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. பெட்டியின் மேல் கறுப்புத் துணி.

"இங்க வா புள்ள," என்றான் மாரப்பன். முகமெல்லாம் பல். "இவிய கோயமுத்தூர்ல படம் புடிக்கறவிய. அந்தோணிராஜுங்கறது பேரு. சோமனூர் டேசன்ல எறங்கி நடந்தே வந்திருக்கறாங்க. நம்ம மாட்டப் படம் புடிக்கோணுமாம்."

"மாட்டையும், உங்களையும்," என்றார் அந்தோணிராஜ். "உங்க ரெண்டு பேரையும்தானுங்கம்மா."

"மடை காத்துக் கெடக்குதுங்க," என்றாள் தெய்வாத்தாள், புருஷனைப் பார்த்து.

"சித்தெ நேரந்தான். தேடி வந்தவியள வேண்டாங்கறதா?"

அது முடியாது. அவளுக்கும் தெரியும். வாசலுக்கு வந்து கேட்டவனை இல்லையென்று அனுப்பினால் அந்தப் பேச்சு மூன்று ஊர் போகும். அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

அந்தோணிராஜ் தோள்பையிலிருந்து துணி சுற்றிய ஒரு சட்டத்தை எடுத்துப் பிரித்தார். கண்ணாடிக்குள் ஒரு படம். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்செடுத்தது என்றார். இங்கிலீஷ்காரன் எவனோ அறுபது எழுபது வருஷத்துக்கு முன் செய்தது. பீளமேட்டில் மில் இஞ்சினீயராக இருக்கும் துரை வீட்டுச் சுவரில் தொங்கியதாம். துரை சீமைக்கே திரும்பிப் போகிறார். போகும்போது இதற்குச் சோடியாக இந்த ஊர்ப் படம் ஒன்று வேண்டும் என்கிறார். இதே போல. பொழுது சாய்கிற நேரம், வேலை முடிந்த ஆள், ஒரு பெண், சோடி மிருகம்.

"பத்து நாளாச் சுத்தறேனுங்க. வானத்துக்கு நேரா இப்படி மேடு எங்கயும் அமையல. இங்கதான் பாத்தேன்."

மாரப்பன் சட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினான். தெய்வாத்தாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். எல்லாம் கோடு. மயிர் மயிராகக் கோடு. ஒருவன் மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து நின்றான். இரண்டு பெரிய குதிரைகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ஒரு பெண் கட்டு ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றாள். அவள் முகம் இருட்டில் இருந்தது. அங்கே கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கி, கண் எது வாய் எது என்று தெரியவில்லை.

"குதிரைல ஏரோட்டுவாங்களா?" என்றான் மாரப்பன்.

"அந்த ஊர்ல ஓட்டுவாங்களாம்."

"சீக்குப் புடிச்ச குதிரையாட்ட இருக்குது. நம்மளது பாருங்க, எப்புடி நிக்குதுன்னு."

"அதுக்குத்தானே வந்தேன்," என்று சிரித்தார் அந்தோணிராஜ்.

"இவ எதுக்கு நிக்கறா?" என்றாள் தெய்வாத்தாள்.

"வேலை முடிஞ்சுதுங்கம்மா. பொழுது சாஞ்சிருச்சு. வீட்டுக்குப் போறா."

"பொழுது சாஞ்சா முடிஞ்சுருமாக்கு. கொடுத்து வெச்சவ."

அந்தோணிராஜ் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

வெளியே வந்து, மாடுகள் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கட்டும் என்றார். மாரப்பன் அவற்றை இரண்டு எட்டு பின்வாங்க வைத்தான். வலத்தில் செவலை, இடத்தில் மயிலை. மயிலை தெய்வாத்தாளின் அம்மா வீட்டில் பிறந்தது. அவள் கல்யாணத்துக்கு மறுவருஷம் சீராக வந்த கன்று. இரண்டும் காங்கயத்து மாடு. சந்தைக்குப் போனால் நாலு பேர் திமிலைத் தடவிப் பார்ப்பார்கள். மாரப்பன் ஊரில் தலை நிமிர்ந்து நடப்பது இந்தச் சோடியால்தான்.

"அந்தத் தகரக் குடத்த எடுத்துரலாமுங்களா?"

எடுத்தார்கள்.

"துண்டத் தலைல கட்டிக்கங்க கவுண்டரே. அப்படித்தான்."

கட்டிக்கொண்டான்.

"அந்தக் கட்டை என்னங்க, மாட்டுக் கால மறைக்குதே."

வாரியின் தலைமாட்டில் இடப்பக்கம் ஒரு பனங்கட்டை கிடந்தது. போன ஐப்பசி மழையில் அந்தப் பக்கத்துக் கிணற்றுக் கரை சரிந்து வாரிக்குள் ஆறடி தூரம் வந்துவிட்டது. நாலு பங்கும் கூடிக் கட்ட வேண்டிய கரை. நாலு பேரும் கூடவில்லை. கட்டையைக் குறுக்கே போட்டுவிட்டு அவரவர் முறையை ஓட்டினார்கள். மாடு சால் இழுத்துவிட்டுப் பின்புறமாகவே நடந்து மேலேறி வரும். பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. பின்னங்கால் கட்டையில் பட்டால் நிற்கும். அந்த ஆறு மாதத்தில் எல்லா மாடும் அதற்குப் பழகிவிட்டிருந்தது.

"கட்டை இருந்தாத்தான் மாடு நிக்குமுங்க," என்றான் மாரப்பன்.

"படம் எடுக்கற வரைக்குந்தான். மாட்டுக் கால் மறைஞ்சா துரை வேண்டாம்பார்."

"அதுக்கென்னங்க."

இருவரும் கட்டையை உருட்டி அப்பால் தள்ளினார்கள். தெய்வாத்தாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கண் கட்டையில் இல்லை. பொழுதில் இருந்தது.

அடுத்து அவள் முறை. சோளத்தட்டுக் கட்டு ஒன்று வேலியோரம் இருந்தது. அதை இடுப்பில் இடுக்கிக்கொள்ளச் சொன்னார். அரிவாள் அதிலேயே செருகியிருந்தது, இருக்கட்டும் என்றார். தலையைக் குனியச் சொன்னார். இன்னும் கொஞ்சம். அசையாமல். மூச்சைக்கூட மெதுவாக.

"ஒண்ணு... ரெண்டு..."

மயிலை வாலைச் சுழற்றியது.

"அட, போச்சு."

பிளேட்டு நாலுதான் இருக்கிறது என்றார். ஒன்று போயிற்று. இரண்டாவதற்கு ஒரு காக்கை குறுக்கே பறந்தது. மூன்றாவதில் எல்லாம் சரியாக அமைந்தது. ஆனால் வெளிச்சம் இன்னும் சற்றுத் தணிந்தால் அந்தப் படத்தில் இருப்பது போலவே இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். மாரப்பன் கல்யாண மாப்பிள்ளை போல நின்றான்.

குனிந்த தலை குனிந்தபடி தெய்வாத்தாள் தன் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரை அப்பியிருந்த சேறு மேலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. கணுக்கால் வெளுத்தது. விரல்கள் வெளுத்தன. பிறகு சேறு வெடித்தது. இங்கே வெடித்தால் பாத்தியிலும் வெடித்திருக்கும்.

"ஏனுங்க," என்றாள், தலையைத் தூக்காமல். "மடை காயுதுங்க."

"ஆச்சு ஆச்சு," என்றான் மாரப்பன், உதட்டை அசைக்காமல்.

"ஒரே ஒரு நிமிசமுங்கம்மா."

நாலாவது பிளேட்டும் ஆயிற்று. அந்தோணிராஜ் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தபோது வேர்த்திருந்தார். சந்தோஷமாக இருந்தார். பொழுது பனைகளுக்குக் கீழே போயிருந்தது.

அப்போதுதான் தம்பிதுரை வந்தான். நாளைய முறைக்காரன், மாரப்பனுக்குச் சித்தப்பன் மகன். முறை மாறும்போது கிணற்றில் எவ்வளவு கிடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவது அவன் வழக்கம். வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்திருப்பான் போலிருந்தது.

"என்ன நங்கை, கூத்துல வேசங்கட்டிட்டீங்களா?" என்றான். அண்ணன் முறைக்காரன் மனைவியை அவன் நங்கை என்றுதான் கூப்பிடுவான். "எங்கண்ணனப் பாரு, ராசா வேசம்."

தெய்வாத்தாள் சோளத்தட்டைக் கீழே போட்டாள்.

"கொழுந்தனாரே, ஆறு பாத்தி கெடக்குது. இவியளுக்காக நின்னு பொழுது போயிருச்சு. ஒரு முப்பது சால் ஓட்டிக்கறமுங்க. நாளைக்குக் கழிச்சுக்கங்க."

"எதுலீங்க கழிக்கறது? கெணத்துல ஊறுறதே அறுவது சாலு."

"நீங்க மனசு வெச்சா ஆவும்."

"நங்கை, ஊடு வேணுமின்னு கேளுங்க, தாரேன். பண்டம் பாத்திரத்தக் கேளுங்க, தாரேன். தண்ணி மட்டும் கேக்காதீங்க." அவன் குரல் ஏறவில்லை. "என்ற பருத்தி வந்து பாருங்க. காய் வெடிக்காம அப்படியே கருகுது. நானும் நாலு நாளாப் பொழுதத்தானே பாத்துட்டிருக்கறேன்."

அது பொய் இல்லை. அவன் பருத்தியை அவளும் பார்த்திருந்தாள்.

தம்பிதுரை தன் வீட்டுப் பக்கம் பார்த்தான். இரண்டு வயலுக்கு அப்பால் கூரை தெரிந்தது. வாசலில் இன்னும் விளக்கு இல்லை.

"எங்கூட்டுல விளக்கு வெக்கற வரைக்கும் உங்க முறைதான். ஓட்டுங்க. யார் வேண்டாங்கறா? வெச்சப்பொறவு ஒரு சாலும் ஆகாது."

"மளார்னு பூட்டுங்க," என்று புருஷனிடம் கத்திவிட்டு அவள் ஓடினாள். மாடுகள் பூட்டித்தான் இருந்தன. அதைக்கூட அவள் யோசிக்கவில்லை.

முதல் சால் வந்து சேர வெகு நேரமாயிற்று. காய்ந்த வாய்க்கால் பாதியைக் குடித்துவிட்டது. இரண்டாவது வந்தது. மூன்றாவதற்கு முதல் பாத்தி நனைந்தது. மாரப்பன் விரட்டுவது கேட்டது. "ஹை... ஹை... பா... பா..." வடத்தின் மேல் உட்கார்ந்து இறங்குவான், எழுந்து மாட்டோடு ஏறுவான். சாதாரணமாக ஏறும்போது மயிலையின் மூஞ்சியில் கை வைத்து நிதானமாக ஏற்றுவான். இப்போது சாட்டை சுளீர் சுளீர் என்றது. அந்த மாடுகளுக்குச் சாட்டை பழக்கமில்லை.

ஒரு பாத்தி. மண்ணை வெட்டி அடைத்து அடுத்த மடையைத் திறந்தாள். இரண்டு பாத்தி. நிறைய விடவில்லை, தூர் நனைந்தால் போதும் என்று விட்டாள். மூன்று. தண்ணீர் இருட்டில் தெரியவில்லை. காலில் பட்டதும் தெரிந்தது. நாலாவது பாத்திக்குக் கையாலேயே மண்ணைத் தள்ளினாள். ஐந்தாவது மடையைத் திறந்து நிமிர்ந்தபோது தம்பிதுரையின் வீட்டு வாசலில் ஒரு புள்ளி வெளிச்சம் எழுந்து நின்றது.

"விளக்கு வெச்சாச்சுங்கோவ்!" என்று தம்பிதுரை கிணற்று மேட்டிலிருந்து கூவினான்.

அவள் பார்த்தாள். பார்க்காதது போல மண்வெட்டியால் வெட்டினாள். ஐந்தாவது பாத்தியில் தண்ணீர் பாதி தூரம் போய் நின்றிருந்தது.

"இன்னொரு சால்!" என்று கத்தினாள்.

மேட்டில் ஏதோ பேச்சு. பிறகு வடம் உருளையில் முனகியது. ஒரு சால் வந்தது. ஐந்தாவது பாத்தி ஓரளவு நனைந்தது. ஆறாவது அப்படியே கிடந்தது.

"இன்னொண்ணு! ஒண்ணே ஒண்ணு!"

"நங்கை, போதுமுங்க!" அது தம்பிதுரை.

"இன்னொண்ணு விடுங்க!"

மறுபடி உருளை முனகியது. தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்டது. அது வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும்போது மாடு கத்தியது.

மாடு அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. அடி வயிற்றிலிருந்து கிளம்பி நடுவில் முறிந்தது. மண் சரிந்து தண்ணீரில் விழும் சத்தம் தொடர்ந்தது. அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மயிலையின் பின்பாகம் கிணற்றுக்குள் தொங்கியது. கட்டை இருந்த இடத்தில் கட்டை இல்லை. இதுவரை செவலை நின்ற இடத்தில் அதுவும் நின்றுகொண்டது; இருட்டிலும் சாட்டையிலும் மிரண்டு இந்த முறை, பின்னங்காலில் கட்டை படட்டும் என்று, பின்புறமாகவே போயிருந்தது. முன்னங்கால் இரண்டையும் மடித்து மண்ணைப் பிறாண்டியது. நுகம் சாய்ந்து செவலையின் கழுத்தை முறுக்கியது. செவலை குப்புற விழாமல் கால்களை அகட்டி நின்றது. அதன் கண் வெளுத்துவிட்டது. மாரப்பன் அதன் கொம்பைப் பிடித்து முன்னால் இழுத்தான். தம்பிதுரை நுகத்தில் தொங்கினான். அந்தோணிராஜ் வடத்தை வெறுங்கையால் பிடித்திருந்தார். மூன்று பேரும் அங்குலம் அங்குலமாகக் கிணற்றுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"அறுங்க நங்கை!" என்றான் தம்பிதுரை. "ரெண்டும் போயிரும்!"

"அறுக்காத!" மாரப்பன் அழுதான். "புடிச்சுக்கலாம். வருது. வருது பாரு."

வரவில்லை.

சோளத்தட்டுக் கட்டிலிருந்து அரிவாளை உருவினாள். மயிலையின் கழுத்தை நுகத்தோடு சேர்த்துக் கட்டிய பூட்டாங்கயிறு இறுகிக் கம்பி போலிருந்தது. புளித்த சோளத்தட்டின் வாசம் வீசும் அதன் மூச்சு அவள் கையில் சுட்டது. கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை நுழைத்து, தோலில் படாதபடி அறுத்தாள். இன்னும் சற்று நேரத்தில் சாகப்போகிற மாட்டின் தோலில் கீறல் விழாமல் இருக்க ஏன் பார்த்தோம் என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை.

புரி புரியாக விட்டது. கடைசிப் புரி தானாகவே அறுந்தது.

ஐம்பது அடி. தண்ணீர் கொஞ்சம், பாறை அதிகம். சத்தம் ஒன்றே ஒன்று.

செவலை முன்னால் பாய்ந்து வாரியில் உருண்டது. எழுந்தது. நுகத்தின் வெறும் பக்கத்தை இழுத்துக்கொண்டு வாரியின் அடிவரை ஓடிப் போய் அங்கே நின்றது.

கிணற்றுக்குள்ளிருந்து அப்புறம் ஒரு சத்தமும் வரவில்லை.

அந்தோணிராஜின் உள்ளங்கைகள் கிழிந்து ரத்தமாக இருந்தன. அவற்றை முன்னால் நீட்டியபடி நின்றார். "கட்டைய நான்தானுங்க எடுக்கச் சொன்னேன்," என்றார். "நான்தானுங்க."

மாரப்பன் தலைத்துண்டை அவிழ்த்தான். முகத்தைத் துடைத்தான். அதை நாலாக மடித்துத் தோளில் போட்டான்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க," என்றான். "எடுத்தவன் நான், போட மறந்தவனும் நான். கையக் கழுவிட்டு வாங்க. நேரமாயிருச்சு. ஊட்டுல ஒரு வாய் சாப்புட்டுப் போட்டுத்தான் போவோணும்."

அந்தோணிராஜ் அவனைப் பார்த்தார். பெட்டியையும் மூன்று காலையும் அள்ளிக்கொண்டு சோமனூர்ப் பாதையில் நடந்தார். பாதி தூரம் போகும்வரை மூன்று காலில் ஒன்று தரையில் இழுபட்டது கேட்டது.

தம்பிதுரை போகவில்லை. செவலையின் நுகத்தைக் கழற்றி, கழுத்தைத் தடவிக் கொடுத்து, மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தான். கயிற்றைத் தெய்வாத்தாளின் கையில் கொடுத்தான்.

"விளக்கு வெச்சப்பொறவு ரெண்டு சாலுங்க நங்கை," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வருத்தம் போலச் சொன்னான். அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

விடிந்ததும் நாலு பங்குக்காரர்களும் வந்தார்கள். கரை கட்ட ஒன்றுசேராத நாலு பேரும் இதற்குக் கூடினார்கள். இரண்டு பேர் கயிற்றில் இறங்கி மயிலையைக் கட்டினார்கள். தம்பிதுரையின் சோடியைப் பூட்டி இழுத்து ஏற்றினார்கள். அது வயிறு உப்பி, தலை ஒரு பக்கம் திரும்பி வந்தது. வேலியோரம் கிடத்தி அதன் மேல் வேப்பங்குழை போட்டார்கள். மாரப்பன் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். அதன் காதில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தான்.

பங்குக்காரர்களில் மூத்தவர் பொங்கியண்ணன். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உசுரு போன தண்ணி. ஒட்ட எறைச்சுப் போடோணும். புது ஊத்து வந்தாத்தான் அடுத்தவன் காட்டுக்கு ஆகும்."

"எறைக்கறத எங்க உடறது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆரு மாடோ அவங்க காட்டுல."

யாரும் மறுக்கவில்லை. அப்படித்தான் வழக்கம். செத்த தண்ணீரைத் தன் பயிரில் விட எவனும் ஒப்பமாட்டான். தம்பிதுரை மட்டும் சற்று நேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அது அவனுடைய நாள். நேற்றிரவு முழுதும் ஊறியது அவனுடைய தண்ணீர். இனி புது ஊற்று சேர இரண்டு நாளாகும். முறை நாலு நாள் தள்ளிப் போகும். பருத்தி அதுவரை நிற்காது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அவன் பனங்கட்டையை உருட்டி இடத்தில் போட்டான். காலால் மிதித்து அசைகிறதா என்று பார்த்தான். மாட்டை வாரிக்குத் திருப்பினான்.

தெய்வாத்தாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்தாள்.

முதல் தண்ணீர் கலங்கலாக வந்தது. நுரையோடு வந்தது. நுரையில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது. அவள் ஐந்தாவது பாத்தியில் விட்டாள். அடுத்தது வந்து முதுகில் இடித்தது. நேற்றையதைவிட நிதானமாக, சீராக வந்தது. தம்பிதுரை கவலை ஓட்டுவதில் கைதேர்ந்தவன். ஐந்தாவது நிறைந்தது. ஆறாவதைத் திறந்தாள். வெடித்த மண் சளசளவென்று குடித்தது. சாய்ந்து கிடந்த தாள்களைத் தண்ணீர் சுற்றிக்கொண்டது. ஒரு கதிரைக் கிள்ளி நகத்தால் நசுக்கினாள். பால் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

அவள் கணக்குப் போட்டாள். இந்த ராகி அறுப்புக்கு வர இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டும். ஒற்றை மாடு கவலை இழுக்காது. முறை வரும்போது சோடிக்கு யாரிடம் போய் நிற்பது? எல்லாரும் அதுக்கென்னங்க என்பார்கள். யாருடைய மாடும் வராது.

ஆறாவது பாத்தி நிறைந்தது. அவள் மடையை அடைக்கவில்லை. வரப்பில் இறங்கி உட்கார்ந்து, சேற்றை இரண்டு கையாலும் வாரி, இன்னும் தண்ணீர் தேங்கும்படி பாத்தியின் கரையை உயர்த்த ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் போனாள். முதல் பாத்திக்குப் போய் நேற்று தூர் மட்டும் நனைத்த இடங்களையும் வெட்டித் திறந்துவிட்டாள்.

பொழுது உச்சிக்கு வந்தது. கிணற்று மேட்டிலிருந்து தம்பிதுரையின் குரல் கேட்டது. தொண்டை கட்டியிருந்தது.

"நங்கை! பாத்தி ஆறும் ஆயிருச்சுங்களா? மிச்சத்தப் பள்ளத்துல திருப்பட்டுங்களா?"

அவள் நிமிர்ந்தாள். வேலியோரம் மாரப்பன் இன்னும் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் தம்பிதுரையின் பருத்தி காய்ந்து மண் நிறத்தில் நின்றது.

"ஆகலீங்க," என்று கத்தினாள். "இன்னும் விடுங்க."

உருளை முனகியது. தண்ணீர் வந்தது. அவள் குனிந்து, கரையின் மேல் இன்னொரு கை மண்ணை வைத்து அழுத்தினாள்.